மாமா வாங்கிய 256 கதவு எண்கள்!

ஆலங்குடி என்று சொன்னதும், சென்னையில் பலரும் "குரு கோயில் இருக்கிற ஊரா?" என்றுதான் கேட்பார்கள். இல்லை. குரு பகவானின் ஆலங்குடி திருவாரூர் மாவட்டத்தில், கும்பகோணம் பக்கம் இருக்கிறது. என்னுடையது புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடி. நாமபுரீஸ்வரர் கோயில் ஊர். சுற்றிலும் கடலையும் பலாவும் பூவும் விளைகிற பூமி. இரண்டு ஊருக்கும் ஒரே பெயர் இருந்தும் கடிதங்கள் சரியாக வந்து சேர்வதற்குக் காரணம் 622301 என்கிற பின்கோடு.

இன்டர்நெட்டிலும் அதேதான். நாம் டைப் செய்வது பெயர். அந்தப் பெயருக்குப் பின்னால் ஓர் எண் இருக்கிறது. அதுதான் ஐ.பி. முகவரி. அந்த எண்ணைச் சொந்தமாக வைத்திருப்பவருக்கும் வாடகைக்கு எடுத்திருப்பவருக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை, டிஜிட்டல் டெஸ்க்கில் தினமும் இன்டர்நெட்டிலேயே குடியிருக்கும் எனக்குப் புரியவைத்தது என் தாய்மாமாதான்.

மாமா சென்னையில் பல வருடங்கள் சாஃப்ட்வேர் வேலை பார்த்தவர். கொரோனா சமயத்தில் ஊருக்குத் திரும்பியவர், இங்கேயே ஒரு சின்ன நிறுவனம் தொடங்கினார். தனியார் பள்ளிகளுக்கான கட்டண சாஃப்ட்வேர். பெற்றோர் போனிலேயே ஃபீஸ் கட்டலாம். ரசீது ஈமெயிலில் வந்துவிடும். ஆலங்குடி, அறந்தாங்கி, கறம்பக்குடி, பட்டுக்கோட்டை என்று முப்பது சொச்சம் பள்ளிகள். வேலை பார்ப்பவர்கள் ஆறு பேர். அதில் இரண்டு பெண்கள் கீரமங்கலத்திலிருந்தும் வடகாட்டிலிருந்தும் பஸ் பிடித்து வருகிறார்கள். சென்னைக்குப் போகாமலே கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது அவர்கள் வீட்டில் பெரிய விஷயம்.

பொங்கல் முடிந்த வாரத்தில் மாமாவுக்கு ஒரு மெயில் வந்தது. அவர் சர்வர்களை வாடகைக்கு எடுத்திருந்த நிறுவனம், அந்தச் சேவையையே மூடப்போவதாகவும், ஏப்ரல் கடைசிக்குள் இடத்தைக் காலி செய்துகொள்ள வேண்டும் என்றும் சொன்னது. நான்கு சர்வர். நான்கு ஐ.பி. எண்கள். எண்களும் அவர்களுடையவை என்பதால் அவை அங்கேயே தங்கிவிடும்.

"கிளவுடுக்கு மாறிட வேண்டியதுதானே மாமா?" என்றேன்.

"மாறலாம் பாப்பா. சாமானை லாரியில ஏத்திடலாம். கதவு நம்பரை ஏத்த முடியாதே!"

எண் மாறினால் என்ன ஆகும்?

உங்களுக்கும் இந்தக் கேள்வி வரும். வெப்சைட்டின் பெயர் மாறப்போவதில்லை. பெயர் எந்த எண்ணுக்குப் போக வேண்டும் என்பதைச் சில நிமிடங்களில் மாற்றிவிடலாம். பெற்றோருக்கு எதுவுமே தெரியாது. பிறகென்ன?

சிக்கல், பெயரைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்க்கிற வாசல்களில் இருக்கிறது.

முதல் வாசல் வங்கி. மாமாவின் சாஃப்ட்வேர், வங்கியின் சர்வரோடு பேசித்தான் ஃபீஸ் கணக்கைச் சரிபார்க்கிறது. யார் வந்து கதவைத் தட்டினாலும் வங்கி திறக்காது. முன்கூட்டியே பதிவு செய்த ஐ.பி. எண்களிலிருந்து வந்தால்தான் பேசும். கல்யாண மண்டபத்தில் பத்திரிகையைப் பார்த்து உள்ளே விடுவது மாதிரி. எண் மாறினால் லெட்டர்ஹெட்டில் கடிதம், கையெழுத்து, சீல், ஒவ்வொரு வங்கியிலும் ஒவ்வொரு ஃபாரம், பிறகு காத்திருப்பு. மாமாவின் சாஃப்ட்வேர் நான்கு வங்கிகளோடு பேசுகிறது.

இது வங்கிகளின் பழக்கம் மட்டுமல்ல. பங்குச் சந்தையில் கம்ப்யூட்டர் புரோகிராம் வைத்துத் தானாக ஆர்டர் போடும் சாதாரண முதலீட்டாளர்கள்கூட, புரோக்கரிடம் பதிவு செய்த நிலையான ஐ.பி. எண்ணிலிருந்துதான் வர வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் செபி சுற்றறிக்கை வெளியிட்டது. எண்தான் அடையாள அட்டை என்கிற நிலைமை கூடிக்கொண்டே போகிறது.

இரண்டாவது வாசல் ஈமெயில். நமக்கு மெயில் வரும்போது, அதை அனுப்பிய சர்வரின் எண்ணுக்கு என்ன பெயர் இருக்கிறது என்று ஈமெயில் நிறுவனங்கள் பார்க்கின்றன. அந்த எண்ணிலிருந்து முன்பு யாராவது மோசடி மெயில் அனுப்பியிருந்தால், இன்று அங்கே குடியிருக்கும் நல்லவரின் மெயிலும் ஸ்பேமில்தான் விழும்.

மாமா இதை ஒருமுறை அனுபவித்துவிட்டார். மூன்று வருடங்களுக்கு முன், வேறோர் இடத்திலிருந்து இந்த நிறுவனத்துக்கு மாறியபோது கிடைத்த நான்கு எண்களில் ஒன்று கறுப்புப் பட்டியலில் இருந்தது. முன்பு அதில் குடியிருந்தவர் யாரோ, என்ன செய்தாரோ! ஃபீஸ் கட்டியவர்களுக்கு ரசீது போய்ச் சேரவில்லை. "காசு போயிருச்சு, ரசீது எங்க?" என்று பெற்றோர்கள் பள்ளிக்கூட ஆபீசில் போய் நின்றார்கள். பட்டியலிலிருந்து பெயரை எடுக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதற்குள் ஒரு பள்ளி விலகிவிட்டது. அந்த வருமானம், ஓர் ஊழியரின் சம்பளம்.

"ஒவ்வொரு தடவையும் வீடு மாத்தி, ஒவ்வொரு தடவையும் 'நான் நல்லவன்தாங்க'ன்னு தெருத்தெருவா சொல்லிட்டு இருக்க முடியுமா?" என்றார் மாமா. இந்த முறை எண்ணையே சொந்தமாக வாங்கி, கிளவுட் நிறுவனத்துக்குக் கையோடு கொண்டுபோய்விடுவது என்று அவர் யோசிக்க ஆரம்பித்தது அங்கேதான்.

"சர்வரை நம்ம வீட்டு மாடியிலயே வெச்சுக்கலாமே?" என்று தாத்தா கேட்டார். மாமா பதில் சொல்வதற்குள் அத்தையே சொல்லிவிட்டார்: "கஜா புயல் மறந்துபோச்சா?" 2018 நவம்பர் 16 விடியற்காலையில் அடித்த அந்தப் புயலில் எங்கள் பக்கத்தில் தென்னையும் பலாவும் மின்கம்பங்களும் சாய்ந்து, வாரக்கணக்கில் கரன்ட் இல்லாமல் இருந்தோம். மாடியில் சர்வர் யோசனை அதோடு முடிந்தது.

செல்போன் நம்பருக்கு உண்டு, இதற்கு இல்லை

செல்போனில் கம்பெனி மாறினாலும் நம்பர் மாறாமல் வைத்துக்கொள்கிறோம். அந்த வசதி நாடு முழுக்க வந்த நாள் 2011 ஜனவரி 20. அதற்கு முன் ஒரு கம்பெனி பிடிக்கவில்லை என்றாலும், சொந்தக்காரர்கள், ஆபீஸ், வங்கி என எல்லோரிடமும் புது நம்பர் சொல்ல வேண்டுமே என்று பொறுத்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர்.

ஐ.பி. எண்ணுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. வாடகை எண் என்றால் அது கொடுத்தவருக்கே. உங்களோடு வர வேண்டும் என்றால், எண் உங்கள் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும்.

அந்த 2011 ஜனவரி 20-க்குச் சரியாக இரண்டே வாரத்தில், பிப்ரவரி 3-ம் தேதி இன்னொன்று நடந்தது. உலக அளவில் ஐ.பி. எண்களைப் பிரித்துக்கொடுக்கும் அமைப்பு, தன் கையிருப்பில் இருந்த கடைசித் தொகுதிகளையும் கொடுத்து முடித்தது. நாம் இன்னும் பரவலாகப் பயன்படுத்தும் பழைய வகை எண்கள், அதாவது நான்காம் பதிப்பு, மொத்தமே 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296தான். இன்டர்நெட் ஓர் ஆராய்ச்சிச் சாலைத் திட்டமாக இருந்த 1970-களில் முடிவான கணக்கு அது. சோதனைக்கு இது போதும் என்றுதான் அப்போது நினைத்தார்கள். உலக மக்கள்தொகையே இன்று 800 கோடிக்கு மேல்.

ஆரம்பத்தில் வந்தவர்களுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் ஒன்றுக்கு மட்டும் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட எண்கள் இருந்தன. (நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை!) 2017-ல் அதில் உபயோகமில்லாமல் கிடந்த ஒரு பகுதியை விற்றார்கள், அமேசான் வாங்கியது. அதற்கும் முன்பே, 2011-ல், திவாலான நார்டெல் நிறுவனத்திடமிருந்து 6 லட்சத்து 66 ஆயிரத்து 624 எண்களை 75 லட்சம் டாலருக்கு மைக்ரோசாஃப்ட் வாங்கியது. இலவசமாகக் கிடைத்த புறம்போக்கு, மனை விலைக்குப் போன கதை.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்ததே 1995 ஆகஸ்ட் 15-ல்தான். நாம் பந்திக்கு வந்து உட்கார்ந்தபோது இலையில் பாதி காலி. ஆசிய-பசிபிக் பகுதிக்கான பதிவகம், 2011 ஏப்ரலில் தன் கடைசித் தொகுதிக்கு வந்ததும் ரேஷன் முறையைக் கொண்டுவந்தது. புதிதாக வரும் ஒருவருக்கு அதிகபட்சம் 1,024 எண்கள். 2019-ல் அதையும் 512 ஆகக் குறைத்தது. நம் நாட்டில் இதை வழங்குவது, மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் இருக்கும் நிக்ஸி அமைப்பின் 'இரின்' பதிவகம். உங்கள் ஊர் கேபிள் இன்டர்நெட்டின் ஐ.பி. எண் 103 என்று ஆரம்பித்தால், பெரும்பாலும் அது அந்த ரேஷன் மூட்டையிலிருந்து வந்ததுதான்.

நான்கு வேண்டும்; 256 வாங்கு!

மாமாவுக்குத் தேவை நான்கு எண்கள். மிஞ்சிப்போனால் பத்து. ஆனால் கிளவுட் நிறுவனங்களின் நிபந்தனை, குறைந்தது 256 எண்கள் கொண்ட ஒரு முழுத் தொகுதி.

ஏன் என்று கேட்டதற்கு மாமா சொன்ன விளக்கம் எனக்கு உடனே புரிந்தது. உலகத்தில் உள்ள இன்டர்நெட் தபால் நிலையங்கள் வீடு வீடாக விலாசம் வைத்துக்கொள்வதில்லை. தெருக்களைத்தான் வைத்துக்கொள்கின்றன. 'இந்தத் தெருவுக்கு இந்தப் பக்கம் போ' என்று ஏறத்தாழ பத்து லட்சம் தெருக்களுக்குக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் ஏறக்கூடிய மிகச் சின்ன தெருவில் 256 கதவுகள். அதைவிடச் சிறியதை மற்றவர்கள் ஏற்க மாட்டார்கள். ஒவ்வொரு வீட்டையும் எழுதிக்கொண்டிருந்தால் நோட்டு தாங்காது.

ஆக, நான்கு வீடு வேண்டும் என்பவர் தெருவையே வாங்க வேண்டும். இரினில் சேர வேண்டும். நிறுவனப் பதிவுச் சான்றிலிருந்து எந்தத் தேவைக்கு எத்தனை எண்கள் என்ற கணக்கு வரை கொடுக்க வேண்டும். வருடா வருடம் கட்டணம் கட்ட வேண்டும்.

அத்தைக்கு இதில் உடன்பாடே இல்லை. "கண்ணால பார்க்க முடியாத நம்பருக்கா இவ்வளவு காசு? அந்தக் காசுக்கு ஆபீஸுக்கு ஒரு நல்ல இன்வெர்ட்டர் வாங்கலாம்" என்றார். அதிலும் நியாயம் இருந்தது. ஆறு பேர் நிறுவனத்தில் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் வேறொரு வேலை காத்திருக்கும்.

மாமா ஒரு நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு பக்கம், எண்ணுக்கான செலவு. இன்னொரு பக்கம், போன தடவை மாறியபோது போன ஒரு பள்ளி, ஒரு மாதம் ரசீதுக்காகப் போனில் பதில் சொல்லியே கழிந்த மூன்று பேரின் வேலை, வங்கிகளுக்கு அலைந்த அலைச்சல். அதோடு, கிளவுட்டிலும் வாடகை எண் சும்மா கிடைப்பதில்லை. அமேசான் 2024 பிப்ரவரி 1 முதல், தான் தரும் ஒவ்வொரு பழைய வகை எண்ணுக்கும் மணிக்கு அரை சென்ட் வசூலிக்கிறது. வருடத்துக்கு ஓர் எண்ணுக்கு ஏறத்தாழ 44 டாலர். நாமே கொண்டுபோகும் எண்ணுக்கு அந்தக் கட்டணம் கிடையாது.

நான்கு எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்த மிச்சம் பெரிதில்லை. மாமாவும் அதை ஒப்புக்கொண்டார். அவருடைய கணக்கு வேறு. "இந்த மாறுதல்ல எப்படியும் எல்லா வங்கிக்கும் புது நம்பர் கொடுத்தே ஆகணும். அதைக் கடைசித் தடவையா கொடுத்துடலாம்னு பார்க்கிறேன்" என்றார்.

அத்தை நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்வெர்ட்டர் அடுத்த வருஷம் கட்டாயம் வரணும்" என்று சொல்லி எழுந்தார். எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று பொருள்.

'இந்தத் தெரு என்னுடையதுதான்' என்று எப்படி நிரூபிப்பது?

விண்ணப்பம், கேள்விகள், பதில்கள் என்று போய், 256 எண்கள் மாமாவின் நிறுவனத்தின் பெயரில் வந்தன. ஆனால் அதை எழுதிக்கொடுத்தால் மட்டும் கிளவுட் நிறுவனம் நம்பிவிடாது. நம்பவும் கூடாது.

2008 பிப்ரவரி 24 அன்று, பாகிஸ்தானில் யூடியூபைத் தடை செய்யச் சொல்லி அரசு உத்தரவிட்டது. அங்கிருந்த தொலைத்தொடர்பு நிறுவனம், 'யூடியூபின் தெரு எங்களிடம்தான் இருக்கிறது' என்று தன் நெட்வொர்க்கில் அறிவித்தது. அந்த அறிவிப்பு எல்லை தாண்டிக் கசிந்துவிட, மற்ற நாடுகளும் அதை நம்பிவிட்டன. உலகின் பல பகுதிகளில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் யூடியூப் கிடைக்கவில்லை. இன்டர்நெட் அடிப்படையில் ஒருவர் சொல்வதை இன்னொருவர் நம்பும் ஏற்பாடு. பொய்ப் பட்டா காட்டினாலும் சில நேரம் செல்லுபடியாகிவிடும்.

அதனால்தான் இப்போது டிஜிட்டல் கையெழுத்தோடு ஒரு சான்று கேட்கிறார்கள். 'இந்த எண்கள் என்னுடையவை. இன்ன நெட்வொர்க் இவற்றை உலகத்துக்கு அறிவிக்க நான் அனுமதிக்கிறேன்' என்று பதிவகம் வழியாகவே எழுதிவைக்க வேண்டும். நம் நிலத்துக்கு இன்னொருவருக்கு பவர் பத்திரம் எழுதிக் கொடுப்பது போல. நிலம் நம் பெயரில். அனுபவிக்கும் உரிமை மட்டும் அவருக்கு. நாளை பிடிக்கவில்லை என்றால் ரத்து செய்துவிட்டு வேறொருவருக்கு எழுதலாம்.

கிளவுட் நிறுவனம் அதைச் சரிபார்க்கும். அந்த எண்களின் பழைய நடத்தையையும் பார்க்கும். கெட்ட பெயர் எடுத்த தொகுதி என்றால் வேண்டாம் என்றுகூடச் சொல்லலாம். நிறுவனத்தைப் பொறுத்து இந்தச் சரிபார்ப்புக்குச் சில நாள்களோ, சில வாரங்களோ ஆகும். அமேசான் 2018-ல் இந்த வசதியைக் கொண்டுவந்தது. கூகுள், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட மற்ற பெரிய கிளவுட்களிலும் இப்போது இருக்கிறது.

மாமா அவசரப்படவில்லை. பழைய சர்வர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய எண்களை வங்கிகளுக்குக் கொடுத்து, பழையதோடு சேர்த்துப் பதிவு செய்யச் சொன்னார். கடைசி வங்கியின் பதில் வர ஐந்து வாரம் ஆனது. ஈமெயிலிலும் நிதானம். புது எண்ணிலிருந்து முதல் நாளே ஆயிரக்கணக்கில் அனுப்பினால் சந்தேகம் வரும் என்பதால், முதல் வாரம் தினமும் ஐம்பது ரசீது, அடுத்த வாரம் இருநூறு என்று கூட்டிக்கொண்டே போனார். புது மருமகள் முதல் நாளே அதிகாரம் செய்யாமல் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டைக் கைக்குள் கொண்டுவருவதைப் போல என்றார் அத்தை. யாரை மனதில் வைத்துச் சொன்னார் என்று பாட்டி கேட்கவில்லை.

ஏப்ரல் இரண்டாவது ஞாயிறு இரவு, பள்ளிகளின் பெயர்களைப் புது எண்களுக்குத் திருப்பினார்கள். நான் விடுமுறையில் ஊரில்தான் இருந்தேன். அந்த வடகாட்டுப் பெண்தான் கீபோர்டில் இருந்தாள். பெரிதாக எதுவும் நடக்கவில்லை. சோதனைக்காக மாமா தன் மகனின் வேன் ஃபீஸைக் கட்டினார். ஒரு நிமிடத்தில் ரசீது வந்தது, இன்பாக்ஸிலேயே.

எல்லோரும் வாங்க வேண்டுமா?

அவசியமில்லை. ஒரு கடைக்கு வெப்சைட் வைத்திருப்பவருக்கோ, சின்னதாக ஆன்லைன் வியாபாரம் செய்பவருக்கோ வாடகை எண்ணே போதும். மெயிலை, அதற்கென்றே இருக்கும் நல்ல சேவைகள் மூலம் அனுப்பிக்கொள்ளலாம். உங்கள் எண்ணைப் பார்த்துத்தான் கதவைத் திறப்பேன் என்று சொல்கிற வாசல்கள் பெருகும்போதுதான் சொந்த எண் பற்றி யோசிக்க வேண்டும்.

புதிய வகை எண்கள், அதாவது ஆறாம் பதிப்பு, தாராளமாக இருக்கின்றனவே என்று கேட்கலாம். உண்மைதான். அதைப் பயன்படுத்துவதில் இந்தியா உலகின் முன்னணி நாடுகளில் ஒன்று. நம் போன்களில் பல ஏற்கெனவே அதில்தான் ஓடுகின்றன. ஆனால் மாமா தட்ட வேண்டிய வங்கி வாசல்கள் இன்னும் பழைய எண்ணைத்தான் கேட்கின்றன. வாசல்காரர் மாறும்வரை, வருகிறவர் காத்திருக்க வேண்டியதுதான்.

சிறு நிறுவனம் நடத்துகிறவர்கள் இன்றே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. ஒரு தாளை எடுத்து இரண்டு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். நாம் பயன்படுத்தும் ஐ.பி. எண்கள் யார் பெயரில் இருக்கின்றன? அந்த எண்களை எந்தெந்த வங்கியிலும் அலுவலகத்திலும் பதிந்து வைத்திருக்கிறோம்? மாமாவிடம் அந்தப் பட்டியல் தயாராக இருந்ததால்தான் மூன்றரை மாதத்தில் மாற முடிந்தது. வெப்சைட்டின் பெயரையும் டிசைன் செய்து கொடுத்தவரின் பெயரில் விட்டுவைக்காமல், உங்கள் பெயரில் பதிந்துகொள்ளுங்கள்.

சொந்த எண் என்றாலும் அதுவும் முழுச் சொந்தம் இல்லை என்பதை மாமா சொல்லிக்கொண்டே இருக்கிறார். வருடக் கட்டணம் தவறினால் பதிவகம் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அந்த 256-ல் ஒரே ஓர் எண்ணிலிருந்து தப்பான மெயில் போனாலும் தெரு முழுக்கக் கெட்ட பெயர் வரலாம். வாடகைக்கு இருந்தபோது பக்கத்து வீட்டுக்காரரைக் குறை சொல்லலாம். இப்போது பக்கத்து வீடும் அவருடையதே.

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரம், மாமாவின் ஆபீசுக்குப் போனேன். ஃபீஸ் கட்டும் நெரிசல் நேரம். வழக்கமாக விடாமல் அடிக்கும் போன், அன்று காலை முழுக்க இரண்டே முறைதான் அடித்தது. அதில் ஒன்று இன்வெர்ட்டர் கடையிலிருந்து.